வாசகர் கடிதங்கள் எல்லாம் "அருமை" என்றே வருகின்றன. திருத்தம் சொல்ல வைப்பது எப்படி?

கலுங்கடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சிவகங்கை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் இருக்கிறேன். எங்கள் பகுதிக் கண்மாய்களின் கதையைச் சொல்வதற்காகவே எட்டுப் பக்கக் காலாண்டிதழ் ஒன்றை நடத்திவருகிறேன். 300 படிகள் அச்சடிக்கிறேன். 11 இதழ்கள் வந்துவிட்டன. படிக்கிறவர்கள் இருக்கிறார்கள், கடிதங்களும் வருகின்றன. ஆனால் வருகிற கடிதங்களால் இதழுக்கு ஒரு பயனும் இல்லை.

பத்துக் கடிதங்கள் வந்தால் ஏழில் "அருமை, தொடருங்கள், வாழ்த்துகள்" என்று இருக்கும். இரண்டு கடிதங்களில் கட்டுரைக்குத் தொடர்பில்லாத சொந்தக் கதை. மிச்சமுள்ள ஒன்று யாரையாவது ஏசுவதாக இருக்கும்: இன்னார் கண்மாய்க்குள் வேலி போட்டுவிட்டார், இன்ன தெருக்காரர்கள்தான் காரணம் என்று. வாழ்த்துகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. சோர்ந்த நாட்களில் அவைதான் என்னை எழுத வைத்தன. ஆனாலும் எனக்கு வேண்டியது வேறு.

சென்ற இதழில் எங்கள் ஊர்க் கண்மாயைப் பற்றி எழுதினேன். நடுமடையிலிருந்து கீழ்வயலுக்குத் தண்ணீர் பாய்கிறது என்று குறிப்பிட்டிருந்தேன். 23 கடிதங்கள் வந்தன, எல்லாமே பாராட்டு. ஒரு மாதம் கழித்து டீக்கடையில் முன்னாள் நீர்பாய்ச்சி ஒருவரைச் சந்தித்தேன். வயது எண்பதைத் தாண்டியவர், முதல் இதழிலிருந்து சந்தாதாரர். "நடுமடை தூர்ந்து நாற்பது வருடம் ஆகிறது தம்பி. கீழ்வயலுக்குத் தெற்குமடைத் தண்ணீர்தான் போகிறது" என்றார். பதறிப்போய், ஏன் எனக்கு எழுதவில்லை என்று கேட்டேன். "அச்சில் வந்துவிட்டதே, அதற்கு மேல் நான் என்ன சொல்ல?" என்றார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கண்மாயை அறிந்தவர்கள் கையில்தான் என் இதழ் இருக்கிறது. பிழையைப் பார்த்தும் அவர்கள் பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

இதுவரை செய்துபார்த்தவை: கட்டுரையின் முடிவில் "உங்கள் மேலான கருத்துகளை எழுதுங்கள்" என்று போட்டேன். சிறந்த கடிதத்துக்குப் புத்தகப் பரிசு அறிவித்தேன். பாராட்டு இன்னும் நீளமாக வந்தது. வந்த கடிதங்களை எல்லாம் வெட்டாமல் வெளியிட்டேன். எதுவும் பலிக்கவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

பழைய தமிழாசிரியை:

தம்பி, குறை சொல்வது மரியாதைக் குறைவு என்று நம் மக்கள் நினைக்கிறார்கள். ஆனால் நம்மிடம் குறை சொல்வதற்கு இலக்கணமே இருக்கிறது. பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூல், ஒரு நூலில் வரக்கூடிய பத்துக் குற்றங்களையும் இருக்க வேண்டிய பத்து அழகுகளையும் பெயர் சொல்லி வரிசைப்படுத்துகிறது. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், மற்றொன்று விரித்தல் என்று போகும் அந்தப் பட்டியல்.

வகுப்பில் மாணவர்கள் ஒருவர் கட்டுரையை மற்றவர் படித்துக் கருத்துச் சொல்லும்போது நான் ஒரே ஒரு விதி வைத்திருந்தேன். "நன்றாக இருக்கிறது" என்றால் எந்த வரி என்று கோடிட்டுக் காட்ட வேண்டும். "சரியில்லை" என்றால் எந்த வரி, பத்தில் எந்தக் குற்றம் என்று சொல்ல வேண்டும். முதல் வாரம் திணறினார்கள். ஒரு மாதத்தில், "மூன்றாம் பத்தி மற்றொன்று விரித்தல், மழையைப் பற்றிச் சொல்ல வந்துவிட்டு மாமா வீட்டுக்குப் போய்விட்டான்" என்று ஒரு பெண் எழுதினாள். அந்தப் பையன் கோபப்படவில்லை. குற்றம் அவன் மேல் இல்லை, மூன்றாம் பத்தியின் மேல் இருந்தது.

உங்கள் வாசகர்களுக்கும் இப்படி ஒரு பிடிமானம் கொடுங்கள். எந்தப் பக்கம், எந்த வரி என்று குறிப்பிட்டு எழுதச் சொல்லுங்கள்.

கலுங்கடி:

அம்மா, வரியைக் குறிப்பிடச் சொல்வது நல்ல யோசனை, உறுதியாகச் செய்கிறேன். குற்றங்களின் பெயர்களை அச்சிட மட்டும் தயங்குகிறேன். என் வாசகர்களில் பாதிப் பேர் விவசாயிகள். அதைப் பார்த்தால் தேர்வுத்தாள் என்று எண்ணி இன்னும் ஒதுங்கிவிடுவார்கள்.

செய்திமேசை:

நாளிதழ் ஒன்றில் வாசகர் கடிதப் பகுதியைப் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டவன் நான். உங்கள் சிக்கல் வாசகர்களிடம் இல்லை, நீங்கள் கேட்கும் விதத்தில் இருக்கிறது. "மேலான கருத்து" என்று கேட்டால் மனிதர் என்ன செய்வார்? சட்டையைச் சரிசெய்துகொண்டு மேடையில் வாழ்த்திப் பேசுவது போல நாலு வரி எழுதுவார். கருத்தைக் கேட்காதீர்கள். தகவலைக் கேளுங்கள், அதுவும் ஒரே ஒரு தகவலை.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி. 1879இல் அதன் ஆசிரியர் ஜேம்ஸ் மர்ரே, புத்தகம் படிக்கிற பொதுமக்களிடம் உதவி கேட்டு வேண்டுகோள் வெளியிட்டார். சொல், அது வருகிற வாக்கியம், எந்த நூல், எந்தப் பக்கம் என்று சின்னத் துண்டுத்தாளில் எழுதி அனுப்பச் சொன்னார்கள். கல்லூரிப் பக்கமே போகாதவர்களும் அனுப்பினார்கள், தாள்கள் மலையாகக் குவிந்தன. அவருக்கு முன்னால் அந்தப் பணியைத் தொடங்கியவர்கள் அரிய சொற்களையே வலியுறுத்திக் கேட்டிருந்தார்கள். அதனால் என்ன ஆயிற்று தெரியுமா? 'அப்யூஷன்' என்ற அரிய சொல்லுக்குச் சுமார் 50 மேற்கோள்கள் இருந்தன, எல்லோரும் புழங்கும் 'அப்யூஸ்' என்ற சொல்லுக்கு ஐந்துகூட இல்லை. மர்ரே அதைக் கண்டுகொண்டு, சாதாரணச் சொற்களுக்கும் மேற்கோள் அனுப்புங்கள் என்று தம் வேண்டுகோளில் சேர்த்தார். வாசகர் கேட்டதைத்தான் கொடுப்பார்.

இன்னொன்று. எல்லாக் கடிதங்களையும் வெளியிடுவதை இன்றே நிறுத்துங்கள். எதை அச்சிடுகிறீர்களோ அதைப் பார்த்துத்தான் அடுத்தவர் எழுதுகிறார். பாராட்டுக் கடிதங்களுக்குத் தனியாக நன்றி அஞ்சல் போடுங்கள், இதழில் இடம் தர வேண்டாம். முதல் பக்கத்திலேயே கட்டம் கட்டித் திருத்தங்களைப் போடுங்கள். லண்டன் கார்டியன் 1997இலும் தி இந்து 2006இலும் வாசகர்களின் முறையீட்டைக் கேட்கவே தனி ஆசிரியரை நியமித்தன. தவற்றை அன்றாடம் அச்சில் ஒப்புக்கொள்ளும் நாளிதழுக்குத்தான் வாசகர் துணிந்து எழுதுவார். அந்த நீர்பாய்ச்சி சொன்ன திருத்தத்தை, அவர் சம்மதித்தால் அவர் பெயரோடு, அடுத்த இதழின் முதல் பக்கத்தில் போடுங்கள். நாளைக்கே போய்க் கேளுங்கள்.

கலுங்கடி:

ஐயா, "தகவலைக் கேளுங்கள்" என்றது சுருக்கென்று பட்டது. சரி, இங்கேயே சோதித்துப் பார்க்கிறேன். கண்மாய் நிரம்பித் தண்ணீர் வெளியேறும் இடத்துக்கு எங்கள் பக்கம் கலுங்கு என்று பெயர். உங்கள் ஊரில் என்ன சொல்வீர்கள்?

பழைய தமிழாசிரியை:

நான் பிறந்த திருவண்ணாமலைப் பக்கம் "ஏரி கோடி போகிறது" என்போம். வேலை பார்த்த திருநெல்வேலியில் "குளம் மறுகால் பாய்கிறது" என்றார்கள்.

செய்திமேசை:

செங்கல்பட்டில் கலங்கல். கலிங்கல் என்றும் சொல்வார்கள்.

வன்னிக்குளம்:

கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் "குளம் வான் பாய்கிறது" என்போம். இரணைமடுவில் இருப்பவை வான்கதவுகள். மடை என்று நீங்கள் சொல்வது எங்களுக்குத் துருசு. அண்ணா, பாருங்கள், ஒரு கேள்விக்கு நான்கு ஊர்கள் பதில் சொல்லிவிட்டன!

ஆனால் மேலே உள்ளவர்கள் ஒன்றை விட்டுவிட்டார்கள். குளத்தை நன்றாக அறிந்த பலருக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. என் அப்பப்பா குளக்கட்டில் நடந்துகொண்டே எந்த ஆண்டு எந்த இடத்தில் உடைப்பு எடுத்தது என்று காட்டுவார். அவரிடம் தாளும் பேனாவும் கொடுத்தால் "நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்கி அதோடு நிறுத்திவிடுவார். எழுதச் சொல்லாமல் வரையச் சொல்லிப் பாருங்கள். கண்மாயின் கோட்டுப்படத்தை வெற்றாக அச்சிட்டு, மடை எங்கே, கலுங்கு எங்கே, எது தூர்ந்தது என்று குறிக்கச் சொல்லலாம். பேரப்பிள்ளைகள் பெயர்களை எழுதிக் கொடுப்பார்கள்.

கலுங்கடி:

வரையச் சொல்வது எனக்குத் தோன்றவே இல்லை. நன்றி தங்கச்சி. ஏசி எழுதும் கடிதங்களுக்கு என்ன செய்வது? அவற்றிலும் சில நேரம் உண்மை இருக்கிறது. ஆக்கிரமிப்பு நடக்காமல் இல்லை.

செய்திமேசை:

மூன்று கேள்விகள் கேளுங்கள்: நீங்களே பார்த்தீர்களா, எங்கே, எப்போது? பதில் இருந்தால், ஆளின் பெயரையும் தெருவின் பெயரையும் நீக்கிவிட்டு, இன்ன இடத்தில் கரை வெட்டப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் நீங்கள் நேரில் போய்ப் பார்த்த பிறகு போடுங்கள். ஆளைக் குறித்த புகார் அரசு அலுவலகத்துக்குப் போக வேண்டியது. அதை உங்கள் இதழ் விசாரிக்க முடியாது. எழுதியவரைத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசுங்கள். கோபமாக எழுதுகிறவர் பெரும்பாலும் ஊரை ஆழமாக அறிந்தவர். யாரும் கேட்காத கோபம் அது. இதைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

கலுங்கடி (நான்கு மாதங்களுக்குப் பிறகு):

எல்லோருக்கும் நன்றி சொல்லவும் ஒரு புதுச் சந்தேகம் கேட்கவும் வந்திருக்கிறேன்.

12ஆம் இதழின் முதல் பக்கத்தில் நடுமடைத் திருத்தத்தை நீர்பாய்ச்சியின் பெயரோடு போட்டேன். இதழைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பிறகு மருமகளைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். நடுப்பக்கத்தில் பக்கத்து ஊர்க் கண்மாயின் வெற்றுக் கோட்டுப்படம், அதன் கீழே ஒரே கேள்வி: "இதில் எத்தனை மடைகள், அவற்றின் பெயர்கள் என்ன?" என் முகவரி எழுதிய உறை ஒன்றையும் அஞ்சல் தலை ஒட்டி உள்ளே வைத்தேன். செலவுதான், ஆனால் ஒரு இதழின் வண்ண அட்டையை விட்டுக்கொடுத்தால் சரிக்கட்டிவிடலாம்.

41 படங்கள் திரும்பி வந்தன. வெறும் "அருமை" ஆறு. கட்டுரையில் நான்கு மடைகள் என்று எழுத இருந்தேன். ஒன்பது பேர் ஐந்தாவதாக ஒன்றை வடமேற்கு மூலையில் குறித்திருக்கிறார்கள், அதில் மூவர் அதைக் குமரிமடை என்று பெயரோடு எழுதியிருக்கிறார்கள். நான் அந்த மூலைக்குப் பலமுறை போயிருக்கிறேன், கருவேல முள்ளைத் தவிர எதையும் பார்த்ததில்லை. வழக்கமாக ஏசி எழுதுகிறவரைத் தொலைபேசியில் அழைத்தேன். முக்கால் மணி நேரம் பேசினார். அவர் வரைந்ததுதான் இருப்பதிலேயே துல்லியமான படம். வரத்துக்கால் வளைகிற இடங்களைக்கூடக் காட்டியிருக்கிறார்.

சந்தேகம் இதுதான். கலுங்கின் கீழே ஒரு கல் இருப்பதாக இரண்டு பேர் சொல்கிறார்கள். ஒருவர் அதில் எழுத்து உண்டு என்கிறார், மற்றவர் அது வெறும் துணி துவைக்கும் கல் என்கிறார். இருவரும் அடித்துச் சொல்கிறார்கள். எதை அச்சிடுவது?

செய்திமேசை:

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். நடுவராக உட்காராதீர்கள்.

பழைய தமிழாசிரியை:

போட்டுவிட்டு, கண்மாய் வற்றியதும் இருவரையும் ஒன்றாக அழைத்துக்கொண்டு போங்கள். எழுத்து இருந்தால் சுண்ணாம்போ எண்ணெயோ தடவிவிடாதீர்கள். அப்படியே படம் எடுத்து, கல்வெட்டு படிக்கத் தெரிந்தவர்களிடம் காட்டுங்கள்.

கலுங்கடி:

சித்திரையில் போகிறோம் அம்மா. மூன்று பேர். நீர்பாய்ச்சி தாத்தா தானும் வருவேன் என்கிறார், அதனால் நான்கு.