மலேசியாவின் குளுவாங் ஊர் ஆஸ்பத்திரியில் அட்டெண்டன்டாக இருந்த ஐயாவைப் பற்றி நினைவிருப்பதை எழுதுங்கள்

குளுவாங்பையன்:
ஐயா தவறிய செய்தி வெள்ளிக்கிழமை வந்தது. அன்றிலிருந்து ஒரே காட்சிதான் கண்முன் நிற்கிறது. 1989. அம்மா விடியற்காலையில் வார்டிலேயே போய்விட்டார். அப்பா வராந்தாவில் பிரமை பிடித்ததுபோல் உட்கார்ந்திருந்தார். நான் சிங்கப்பூரிலிருந்து பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் ஐயா அம்மாவின் முகம் துடைத்து, தாடையைக் கட்டி, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார். தலைகூட வாரியிருந்தார். அப்புறம் சட்டைப்பையிலிருந்து முடிச்சுப் போட்ட கைக்குட்டையை எடுத்து என் உள்ளங்கையில் அவிழ்த்தார். தாலி, இரண்டு மெட்டி, மூக்குத்தி. “எண்ணிப் பாரு தம்பி” என்றார். நானும் எண்ணினேன், அவர் முகத்தைப் பார்க்காமல், திருடனிடம் கணக்குக் கேட்பதுபோல. நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பட்டறைக்காரன்:
சிங்கப்பூர் தஞ்சோங் பகார் ரயில் நிலையம். மகளையும் பேத்தியையும் பார்க்க ஐயா அதில்தான் வருவார். ஒரு கையில் குளுவாங் கோப்பித்தூள், இன்னொரு கையில் முறுக்கு டின். நான் கப்பல் பட்டறையில் கையை வெட்டிக்கொண்டு கட்டோடு நின்றிருந்தேன். “யாருடா கட்டினது?” என்று கேட்டு அங்கேயே பெஞ்சில் உட்கார வைத்தார். பழைய கட்டு ஈரத்தில் ஊறி நாறியது. அவர் முகம் சுளிக்கவில்லை. பையிலிருந்து புதுத்துணி எடுத்துச் சுற்றி, நுனியைப் பல்லால் கிழித்து முடிச்சுப் போட்டார். “விரல் நுனி வெளியே தெரியணும். நீலமானா கட்டு இறுக்கம்னு அர்த்தம்.” 2011 ஜூன் 30, நிலையத்தை மூடுமுன் கடைசி ரயிலை ஜொகூர் சுல்தானே ஓட்டிப் போன இரவு, கூட்டத்தில் எல்லாரும் ரயிலைப் படம் எடுத்தார்கள். நான் அந்த பெஞ்சைத் தேடிக்கொண்டிருந்தேன்.

நைட்ஷிஃப்ட்:
குளுவாங்பையன், நீங்கள் நினைப்பது தவறு. நானும் அட்டெண்டன்ட்தான், சொல்கிறேன். நகையை இன்னொருவர் முன்னால் எண்ணி எழுதி, உறவினர் கையிலும் எண்ணித்தான் கொடுக்க வேண்டும். ஒரு மெட்டி குறைந்தாலும் முதல் பழி எங்கள் தலையில்தான். நீங்கள் எண்ணாமல் வாங்கியிருந்தால்தான் அவருக்குக் கலக்கம். விடுங்கள்.

2003 சார்ஸ் தொற்றுநோய் சமயம் நான் இங்கே சிங்கப்பூரில் வார்டில் இருந்தேன். 238 பேருக்கு வந்து 33 பேர் போனார்கள், அதில் ஆஸ்பத்திரி ஆட்களும் உண்டு. லிஃப்டில் என்னோடு ஏற யாரும் வரமாட்டார்கள். ஐயா மட்டும் தினம் ராத்திரி போன் செய்வார். “குளிச்சியா? குளிச்சிட்டுத்தானே புள்ளையத் தூக்கின?” அந்த இரண்டு கேள்விதான். பதில் சொன்னதும் வைத்துவிடுவார்.

எதிர்வீடு:
அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். வேலை முடிந்து வந்தால் வாசல் வழியாக நுழையமாட்டார். பின்பக்கக் குழாயடியில் சட்டையை டெட்டாலில் ஊறவைத்து, குளித்த பிறகுதான் உள்ளே போவார். மூன்று பிள்ளைகளும் பின்கதவுப் படியில் வரிசையாக உட்கார்ந்து காத்திருக்கும். ஆனால் எல்லாரும் அவரைத் தெய்வமாக்காதீர்கள். பாதித் தீபாவளி அவர் ஷிஃப்டில்தான் போனது. விடியற்காலை நாலு மணிக்கு அவர் மனைவி, அந்தம்மா, தனியாகப் பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பார். அவரைப் பற்றியும் யாராவது எழுதுங்கள்.

மெங்கிபோல்:
என் அப்பாவைத் தூக்கி உட்காரவைக்க ஐயாதான் கற்றுக்கொடுத்தார், அவ்வளவுதான் என் கதை. ஆனால் இங்கே வயதான பெற்றோரைப் பணிப்பெண்ணிடம் விட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிறவர்கள் இருப்பீர்கள், அதனால் சொல்கிறேன். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தோள் நழுவிவிடும். இடுப்புக்கடியில் ஒரு விரிப்பைக் குறுக்கே போட்டு, இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்துத் தூக்குங்கள். தலையணையைக் கெண்டைக்காலுக்கு அடியில் வையுங்கள், குதிகால் மெத்தையில் படக்கூடாது. முதுகுக்குக் கீழே சிவப்பு தெரிந்து, விரலால் அழுத்தியும் வெளுக்கவில்லை என்றால் அது புண்ணின் தொடக்கம். பவுடர் போட்டு மறைக்காதீர்கள், உடனே மிஸ்ஸியிடம் (நர்ஸிடம்) காட்டுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தினமும் உள்ளங்காலைப் பாருங்கள்.

குளுவாங்பையன்:
நைட்ஷிஃப்ட் அண்ணே, நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். கருமாதி அடுத்த ஞாயிறு. குவீன் ஸ்திரீட்டிலிருந்து காலை ஆறு மணிக்கு 170 பஸ் எடுத்து ஜொகூர் பாருவின் லார்க்கின் பஸ் நிலையம் போகிறேன், அங்கிருந்து குளுவாங் பஸ். யாராவது சேர்ந்து வருகிறீர்களா? அந்தம்மாவிடம் நான் ஒன்று சொல்ல வேண்டும்.