விழுவதற்கு இரண்டு நொடி முன்னால் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்?

பைக்கில் விழுந்தவர்கள் கதை சொல்லும்போது கவனித்திருக்கிறேன். முக்கால்வாசிக் கதைகள் "அவன் குறுக்கே வந்துட்டான்" என்பதோடு முடிந்துவிடும். என் விபத்தை நானும் ஒரு வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். வந்தவர் மேல் தவறுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் தவறை என்னால் திருத்த முடியாது. அதனால் இங்கே நம் பக்கத்துப் பிசகை மட்டும் எழுதலாமே. நானே ஆரம்பிக்கிறேன்.

சாயங்கால நேரம், காய்ந்த தார்ச்சாலை, வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர் இருக்கும். எதிர்ப்பக்கம் ஒரு கார் என் பாதையைக் கடந்து திரும்புவதற்காக நின்றுகொண்டிருந்தது. ஓட்டுநரின் முகம் என் பக்கம் திரும்பியதைப் பார்த்தேன். சரி, பார்த்துவிட்டார் என்று முடிவு கட்டினேன். அடுத்த கணம் கார் நடுச்சாலையில்.

காலால் பின் பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தேன். பின்சக்கரம் சுழல்வது நின்று கீச்சென்று இழுபட்டது, வண்டியின் பின்பக்கம் ஒருபுறமாக ஒதுங்கியது. முன் பிரேக் லீவர் கைக்கெட்டும் இடத்தில்தான் இருந்தது, நான் தொடவே இல்லை. ஓட்டக் கற்றுக்கொண்ட நாளில் "முன் பிரேக்கைத் தொட்டால் தலைகுப்புற விழுவாய்" என்று சொல்லிக் கொடுத்தார்கள், அது அப்படியே மண்டையில் உட்கார்ந்துவிட்டது. வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் சறுக்கிப் போய், தோள்பட்டை கார் கதவில் மோதித்தான் நின்றேன். இடது மணிக்கட்டு முறிவு. கையுறை போடவில்லை. உள்ளங்கைத் தோலுக்குள் புதைந்திருந்த பொடிக் கற்களை நர்ஸ் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் போட்டார். தட்டில் அவை விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

கட்டு போட்டு வீட்டில் இருந்த நாட்களில்தான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். லாஸ் ஏஞ்சலிஸில் ஹாரி ஹர்ட் என்பவரின் குழு சுமார் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. கார் போன்ற இன்னொரு வாகனம் சம்பந்தப்பட்ட விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு, அந்த ஓட்டுநர் பைக்குக்கு வழிவிடாததால் நடந்தவை. பைக் ஓட்டியவருக்குக் கிடைத்த நேரம் பெரும்பாலும் இரண்டு நொடிக்கும் குறைவு. அந்த நேரத்தில் பலர் செய்த தவறு என்ன தெரியுமா? பின் பிரேக்கை அளவுக்கு மீறி மிதித்தது, முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்காதது. அந்த விபத்துகளில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் தானாகவோ, வீட்டார் நண்பர்களிடமோ ஓட்டப் பழகியவர்கள். நானும் அப்படிப் பழகியவன்தான்.

பிரேக் பிடித்ததும் எடை முன்சக்கரத்துக்கு இறங்குகிறது, பின்சக்கரம் இலேசாகிவிடுகிறது. காய்ந்த சாலையில் வண்டியை நிறுத்தும் சக்தியில் ஏறக்குறைய 70 சதவீதம் முன் பிரேக்கில்தான் இருக்கிறது. அதை நான் அன்றைக்குப் பயன்படுத்தவே இல்லை.

இன்னொரு பிசகு, முகத்தை நம்பியது. கண் என் பக்கம் திரும்பியதால் என்னைக் கண்டார் என்று ஆகிவிடாது. நேராக வரும் பைக் ஒல்லியான உருவம். கிட்டே வரும்வரை அது பெரிதாவதே தெரியாது, அதனால் இன்னும் தூரத்தில் இருப்பதாகத் தோன்றும். இப்போதெல்லாம் நான் பார்ப்பது காரின் முன்சக்கரத்தை. கார் நகர்கிறதா என்று தெரிவதற்கு முன்பே சக்கரம் உருளத் தொடங்குவது தெரிந்துவிடும். சந்திப்பு நெருங்கும்போதே ஆக்சிலரேட்டரைத் தளர்த்தி, இரண்டு விரலை முன் பிரேக்கில் வைத்துவிடுகிறேன். 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 14 மீட்டர் போய்விடுகிறோம். விரல் லீவருக்குப் போகும் நேரமும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

* * *

அண்ணா, என் கதையில் எதிரே யாருமே இல்லை. குறுக்கே வந்தார் என்று சொல்ல ஓர் ஆடு மாடுகூடக் கிடையாது.

மலைப்பாதையில் இடப்பக்கம் வளையும் ஒரு திருப்பம். நினைத்ததைவிட வளைவு இறுகிக்கொண்டே போனது. வேகம் அதிகம் என்று தோன்றிய உடனே வெளிப்பக்கத்தில் இருந்த வெள்ளை அடித்த கல்லைப் பார்த்தேன். அதன் மேல் கறுப்பு எழுத்தில் எண் போட்டிருந்தது. அந்த எண்ணை இன்னும் சொல்வேன், அவ்வளவு உற்றுப் பார்த்திருக்கிறேன். வண்டி நூல் பிடித்தாற்போல அந்தக் கல்லுக்கே போனது. போதாததற்குச் சாய்ந்திருக்கும்போதே பிரேக்கையும் இறுக்கிவிட்டேன். காறை எலும்பு முறிந்தது.

பிறகு ஒரு பயிற்சியாளர் அதே வளைவுக்கு என்னைக் கூட்டிப்போய், தன் பின்னாலேயே வரச் சொன்னார். அதே வேகம்தான். அவர் முதுகைத் தாண்டி வளைவு முடியும் இடத்தைப் பார்த்துக்கொண்டே போனேன், ஒன்றும் ஆகவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. வண்டியால் முடிந்த வளைவுதான் அது, நான்தான் கல்லைப் பார்த்துக்கொண்டு வண்டியைச் சாய்க்காமல் விட்டிருக்கிறேன்.

அவர் சொல்லிக் கொடுத்ததில் இரண்டு விஷயம் அப்படியே ஒட்டிக்கொண்டன. டயரின் பிடிமானம் ஓரளவுதான். அதில் ஒரு பங்கை வளைவதற்குக் கொடுத்துவிட்டால் பிரேக்குக்கு மீதிதான் கிடைக்கும். ஆகவே வேகத்தை வளைவுக்கு முன்னாலேயே குறைத்துவிட வேண்டும். அப்புறம், இடப்பக்கம் திரும்ப இடப்பக்க ஹேண்டிலை மெதுவாக முன்னோக்கித் தள்ள வேண்டும். கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும். காலி மைதானத்தில் செய்து பார்த்தால் வண்டி தானாகச் சாய்ந்து உள்ளே வருவது புரியும். இன்னும் சாய முடியும் என்று தெரிந்திருந்தால் அந்தக் கல்லைப் பார்த்திருக்கவே மாட்டேன் என்று நினைக்கிறேன்.

* * *

தம்பி, இதை ஆரம்பித்து நல்ல காரியம் செய்தீர்கள். என்னுடையது வேகமே இல்லாத விபத்து. தெருமுனை வரைதானே என்று ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டேன், பட்டையை மாட்டவில்லை. மணலில் முன்சக்கரம் வழுக்கியது. நான் தரைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஹெல்மெட் தனியாக உருண்டு போய்விட்டது. நெற்றியில் 11 தையல். இரண்டு நாள் நடந்தது எதுவும் நினைவில் இல்லை, மனைவி சொல்லித்தான் தெரியும்.

1935-ல், 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று பெயர்பெற்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி டி.இ. லாரன்ஸ், சைக்கிளில் போன இரண்டு சிறுவர்கள் மேல் மோதாமல் விலகப் போய்த் தன் பைக்கிலிருந்து தூக்கி எறியப்பட்டார். தலையில் காயம், ஆறு நாளில் இறந்துபோனார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ், மூளை அறுவை நிபுணர். அந்த மரணம் அவர் மனதைவிட்டுப் போகவில்லை. மோட்டார் சைக்கிள் தலைக்காயங்களைப் பற்றி அவர் 1941-ல் கட்டுரை எழுதினார், ஹெல்மெட்டின் பலனை எடுத்துக் காட்டினார். பிரிட்டனில் எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயமானது 1973-ல்தான். ஒரு மருத்துவர் அவ்வளவு காலம் முன்பே சொன்னதை நான் தெருமுனை வரைதானே என்று ஒதுக்கியிருக்கிறேன்.

ஹெல்மெட் பற்றி இன்னும் ஒன்று. உள்ளே இருக்கும் தெர்மோகோல் போன்ற நுரைதான் அடியை வாங்கி நசுங்குகிறது. நசுங்கியது திரும்ப எழாது. வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் ஒருமுறை அடிபட்ட ஹெல்மெட்டை மாற்றிவிடுங்கள். விழுந்து கிடப்பவரின் ஹெல்மெட்டை அவசரப்பட்டு இழுக்காதீர்கள், கழுத்தெலும்பில் அடிபட்டிருக்கலாம். மூச்சு விடச் சிரமப்படுகிறார் என்றால் மட்டும், ஒருவர் தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் மெதுவாகக் கழற்றலாம்.

* * *

நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சைடு ஸ்டாண்டை எடுக்காமல் கிளம்பினேன். முதல் இடப்பக்கத் திருப்பத்தில் அது தரையில் ஊன்றி வண்டியைத் தூக்கிவிட்டது. பின்னால் என் தங்கை உட்கார்ந்திருந்தாள். அவள் கணுக்காலில் இப்போதும் தழும்பு இருக்கிறது, பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

அண்ணா, முன் பிரேக் பயம் எனக்கும் உண்டு. அதை எப்படிப் போக்கினீர்கள்?

* * *

தம்பி, ஒரே நாளில் போகவில்லை. காய்ந்த, மண் இல்லாத, ஆள் நடமாட்டமில்லாத இடமாகப் பார்த்து, ஹேண்டிலை நேராக வைத்துக்கொண்டு மணிக்கு 20 கிலோமீட்டரில் ஆரம்பித்தேன். லீவரை வெடுக்கென்று பிடிக்கக் கூடாது. முதலில் லேசாக அழுத்தினால் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் அமுங்கும், எடை முன்னால் இறங்குவது உள்ளங்கையில் தெரியும். இறங்கிய பிறகு நன்றாக இறுக்கலாம். அது இறங்குவதற்குள் வெடுக்கென்று பிடித்தால்தான் முன்சக்கரம் சுலபமாகச் சுழலாமல் பூட்டிக்கொள்ளும். பூட்டியது தெரிந்தால் உடனே விட்டுவிட்டு மறுபடி பிடியுங்கள். ஏபிஎஸ் (சக்கரம் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டி அதைத் தானே பார்த்துக்கொள்ளும், ஆனாலும் எவ்வளவு அழுத்தலாம் என்பது உங்கள் கைக்குப் பழகியிருக்க வேண்டும்.

தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். அங்கே பிரேக் பிடித்து, நின்ற இடத்திலிருந்து கோடு வரை எட்டு வைத்து நடந்து, எத்தனை எட்டு என்று அளப்பேன். 40 கிலோமீட்டர் வேகத்தில் முதல் நாள் 22 எட்டு வந்தது. ஒரு மாதம் கழித்து 13. ஈரத் தரையில் இன்னும் பழகவில்லை. அடுத்த மழை விட்டதும் 20-லிருந்து மறுபடி தொடங்கப் போகிறேன், எத்தனை எட்டு வருகிறதென்று இங்கேயே எழுதுகிறேன்.