கலாங்கா விருந்தாளி பொங்கலுக்கு வருகிறார், அம்மா களி கிண்ட மாட்டேன் என்கிறார்

மத்தூர்_பக்கம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் மத்தூர் பக்கத்தில் ஒரு கிராமம். வேலை ஆப்பிரிக்காவில், போட்ஸ்வானா நாட்டின் பிரான்சிஸ்டவுன் நகரத்தில், ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். என்னோடு வேலை செய்யும் ஒருவர் கலாங்கா இனத்தைச் சேர்ந்தவர். அந்த மக்கள் போட்ஸ்வானாவின் வடகிழக்கிலும், எல்லைக்கு அந்தப் பக்கம் ஜிம்பாப்வேயில் பிளம்ட்ரீ, புலவாயோ வட்டாரத்திலும் இருக்கிறார்கள். நடுவில் கோடு போட்டது வெள்ளைக்காரன். கல்யாணம், கருமாதி என்றால் இன்றைக்கும் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வருகிறார்கள்.

போன வருஷம் தன் பாட்டி வீட்டுக்குக் கூட்டிப்போனார். சாப்பாட்டில் ஷாட்ஸா என்று கம்பு மாவில் கெட்டியாகக் கிண்டிய ஒன்று. தொட்டுக்கொள்ள தெலெலெ, அதாவது வெண்டைக்காய் மாதிரி கொழகொழவென்று இருக்கும் கீரை, சோடா உப்பு போட்டு வேகவைத்தது. அப்புறம் மஷோன்ஜா. மொபானே மரத்து இலையைத் தின்னும் புழு அது. குடலைப் பிதுக்கி எடுத்துவிட்டு, உப்புத் தண்ணீரில் வேகவைத்து, வெயிலில் காயவைத்து, பிறகு வெங்காயம் தக்காளியோடு வதக்குகிறார்கள். சாப்பிட்டேன், பொய் சொல்லவில்லை, கருவாட்டுக்குக் கிட்ட வரும். அந்தப் பாட்டி என்னைக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: உன் பாட்டி என்ன சாப்பிட்டாள்? போனில் ராகிக் களி உருண்டை படத்தைக் காட்டினேன். வீடே சிரித்துவிட்டது, இது எங்களுடையதாச்சே என்று.

இப்போது நண்பரும் அவர் மனைவியும் என்னோடு பொங்கலுக்கு வருகிறார்கள். களியும் குழம்பும் சாப்பிட வேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டார். அம்மாவிடம் போனில் சொன்னால், "அவ்வளவு தூரத்தில் இருந்து வர்றவங்களுக்குக் களியா? ஊர் என்ன சொல்லும்? பிரியாணி போடலாம், பூரி சுடலாம்" என்கிறார். எங்கள் வீட்டில் விருந்தாளி வந்தால் களிப் பானையைப் பின்கட்டுக்கு நகர்த்திவிடும் பழக்கம் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து உண்டு. அம்மாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது, களியோடு என்னென்ன செய்யச் சொல்வது? தை மாதத்தில் நம் பக்கம் என்ன கிடைக்கும் என்பதே எனக்கு மறந்துபோச்சு.

---

அரூர்க்காரி எழுதியது:

தம்பி, தை மாதம்தான் சரியான நேரம், அவரைக்கொட்டை காலம். பனி அவரை பிடித்து உரிக்கிற சமயத்தில் நம் பக்கத்து விருந்துக்கு பிதுக்கம் பருப்புக் குழம்பை விட்டு வேறு என்ன வேண்டும்? பச்சைக்கொட்டையை ராத்திரியே ஊறவைத்து, காலையில் உட்கார்ந்து கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் தோல் கையில் நிற்கும், பருப்பு எகிறிப் போய்ப் பாத்திரத்தில் விழும். அந்த வேலையை வந்தவர்கள் கையிலேயே கொடுங்கள், பேச மொழியே வேண்டாம், ஒரு கூடைக் கொட்டை தீர்ந்துவிடும்.

களிக்கு: ஒரு டம்ளர் ராகி மாவுக்கு மூன்று டம்ளர் தண்ணீர், அதில் ஒரு கைப்பிடி நொய்யரிசி, உப்பு. அரிசி குழைய வெந்ததும் மாவை நடுவில் குவியலாகக் கொட்டுங்கள். உடனே கிண்டக் கூடாது, இங்கேதான் இந்தக் காலத்துப் பிள்ளைகள் அவசரப்பட்டுக் கட்டி கட்டியாக ஆக்கிவிடுகிறார்கள். தீயைக் குறைத்து மூடிவிடுங்கள். தண்ணீர் மாவைத் துளைத்துக்கொண்டு மேலே கொப்பளிக்கும். அப்புறம் பானையைக் கீழே இறக்கி, ஒருவர் பிடித்துக்கொள்ள இன்னொருவர் துடுப்பால் ஓரத்திலிருந்து உள்ளே இழுத்து இழுத்துக் கிண்ட வேண்டும். விரலை நனைத்துத் தொட்டால் ஒட்டக் கூடாது, ஒட்டினால் இன்னும் வேகவில்லை. கிண்ணத்தில் தண்ணீர் தெளித்து, போட்டு உருட்டி, நடுவில் குழி பண்ணிக் குழம்பை ஊற்றுங்கள்.

கூட ஒரு கீரைக் கடைசல். மார்கழி தையில் கொல்லை ஓரம் தொய்யக்கீரை, பண்ணைக்கீரை கொஞ்சமாவது இருக்கும், கலந்து கடைந்தால் போதும். கொள்ளு ரசம் ஒன்று. கருவாடு வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளி சந்தைக்குப் போங்கள். அவர்கள் கிள்ளி, தொட்டு, மென்று சாப்பிடுவார்கள், நாம் மெல்லாமல் விழுங்குகிறோம். அதைப் பார்த்துச் சிரிக்க வேண்டாமென்று வீட்டுக் குழந்தைகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

---

பழைய_தகடூர் எழுதியது:

ஒரு மாற்றுக் கருத்து. அம்மாவைச் சம்மதிக்க வைப்பது எப்படி என்று கேட்கிறீர்கள், அவர் ஏன் வேண்டாம் என்கிறார் என்று கேட்டுப் பார்த்தீர்களா?

எனக்கு அறுபது தாண்டிவிட்டது. பென்னாகரம் பக்கம். எங்கள் அம்மா கோழி கூவுவதற்கு முன்னால் எந்திரக்கல்லில் உட்கார்ந்து கேவுரு, அதாவது ராகி, அரைப்பார், ஒரு கை வலித்தால் மறு கையை மாற்றிக்கொண்டு. நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான், அதுவும் பக்கத்து வீட்டில் பொங்குகிற வாசனை முதலில் வந்து, எங்கள் வீட்டில் பிறகு பொங்கும். பண்ணையத்தில் வேலைக்குப் போனவர்களுக்கு மத்தியானம் கூழ் ஊற்றுவார்கள், வீட்டுக்காரர் திண்ணையில், இவர்கள் வெளி வாசலில், கையை ஏந்தி. அந்தக் கூழுக்கும் இப்போது பெங்களூரில் கண்ணாடிக் கடையில் மண் சட்டியில் ஊற்றி விற்கிற கூழுக்கும் மாவு ஒன்றுதான். ரேஷனில் அரிசி வந்தபோது எங்கள் அம்மா அதை ருசிக்காகக் கொண்டாடவில்லை, இனிமேல் அரைக்க வேண்டாம் என்று கொண்டாடினார்.

ஆகவே தம்பி, உங்கள் அம்மா களியை மறைப்பது அறியாமையால் இல்லை. அவர் பார்த்தது அப்படி. வேரைப் பற்றிப் பெருமை பேசுவது நமக்குச் சுலபம், மாவு மில்லில் அரைத்து வருகிறது. களி போடு என்று கட்டளையிடாமல், களியைப் பற்றி அவரைப் பேச விடுங்கள். அப்புறம் அவரே முடிவு செய்யட்டும். பிரியாணி போட்டாலும் ஒன்றும் குடி முழுகிவிடாது.

---

மத்தூர்_பக்கம் எழுதியது:

அண்ணா, நீங்கள் சொன்னது உறைத்தது. அங்கேயும் இதே கதைதான் என்பதைச் சொல்ல வேண்டும். இன்று பிரான்சிஸ்டவுனில் பெரும்பாலான வீடுகளில் தினசரிச் சாப்பாடு மக்காச்சோள மாவு, கடையில் பைப் பையாக வாங்குவது. சோளமும் கம்பும் பாட்டி காலத்துச் சங்கதி, கோழி அடிப்பது போல விசேஷத்துக்கு எடுப்பது. மக்காச்சோளம் அவர்களுக்கு வெளியிலிருந்து வந்த பயிர், அமெரிக்காவிலிருந்து போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்தது. இங்கே அரிசி செய்த வேலையை அங்கே அது செய்திருக்கிறது.

மொழியும் அப்படி. நாடு 1966ல் சுதந்திரம் பெற்ற பிறகு நெடுங்காலம் பள்ளிக்கூடத்தில் செட்ஸ்வானாவும் இங்கிலீஷும்தான் இருந்தன, கலாங்கா வீட்டுக்குள்ளே. நண்பர் சின்ன வயதில் பள்ளியில் வாய் தவறிக் கலாங்காவில் பேசிவிட்டால் மற்ற பிள்ளைகள் கேலி செய்வார்களாம். ஜிம்பாப்வேயில் 2013 அரசியல் சட்டத்தில் 16 மொழிகளில் ஒன்றாகக் கலாங்காவையும் சேர்த்துவிட்டார்கள், அதைச் சொல்லும்போது அவர் குரலே மாறும். தொம்போஷாபா என்கிற பழைய கற்கோட்டை இடிபாடு இருக்கிற இடத்தின் பெயரில் ஒரு பண்பாட்டு விழா நடத்துகிறார்கள். மழை வேண்டி ஆடுகிற வோசானா ஆட்டக்காரர்கள் வருவார்கள், பாட்டிகள் பானையோடு வந்து சமைப்பார்கள். நண்பரே ஒரு தடவை சலித்துக்கொண்டார்: விழாவில் வரிசையில் நின்று கம்பு ஷாட்ஸா வாங்கிப் படம் எடுக்கிறவர்கள் வீட்டுக்குப் போனதும் பீட்சா ஆர்டர் பண்ணுகிறார்கள் என்று.

---

கல்வெட்டுக்_கிறுக்கன் எழுதியது:

அந்தப் பாட்டி வீட்டில் சிரித்தார்களே, எங்களுடையதாச்சே என்று, அது வேடிக்கைப் பேச்சு இல்லை. ராகி அவர்கள் கண்டத்துப் பயிர்தான். எத்தியோப்பியா, உகாண்டா மேட்டு நிலத்தில் முதலில் பயிராக்கப்பட்டு, ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் கடல் வழியே இந்தப் பக்கம் வந்தது. சோளமும் கம்பும் ஆப்பிரிக்காதான், தட்டப்பயறும் அப்படியே. தருமபுரி, கிருஷ்ணகிரியின் பரம்பரை உணவு என்று நாம் மார்தட்டுகிற தட்டில் கொள்ளையும் கீரையையும் எடுத்துவிட்டால் மிச்சம் பாதி அங்கிருந்து வந்தது. இதனால் நம் பெருமை குறைந்துவிடும் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்வேன்: தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமானைப் பாடும்போது அவ்வையார், அவன் முன்னோர் கரும்பை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்ததைத்தான் புகழாகச் சொல்கிறார். வெளியிலிருந்து ஒரு பயிரைக் கொண்டுவந்து ஊன்றுவது இந்த ஊரில் ரொம்பப் பழைய பெருமை.

இன்னொன்று. பின்கட்டுக்குப் பானையை நகர்த்தும் பழக்கம் உங்கள் வீட்டில் மட்டும் இல்லை. சிறுபாணாற்றுப்படையில் பசித்த குடும்பம் ஒன்று வரும். குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி உப்பில்லாமல் வேகவைத்து, பார்த்து ஏளனம் செய்வார்களே என்று நாணி, கதவைச் சாத்திவிட்டுச் சுற்றத்தோடு சாப்பிடுவார்கள். அந்தக் கீரையை நல்வேளை, தைவேளை என்று இன்றும் சொல்கிறோம், ஐந்து ஐந்து இலையாக, வெள்ளைப் பூவோடு சாலையோரம் நிற்கும், நம்மில் பலர் சீந்துவதில்லை. அதே செடியைத்தான் போட்ஸ்வானாவில் ரோத்வே என்று வேகவைத்துக் காயவைத்துச் சந்தையில் விற்கிறார்கள். உங்கள் நண்பரைக் கொல்லை பக்கம் ஒரு நடை கூட்டிப்போங்கள், அவரே கண்டுபிடித்துப் பறிப்பார்.

---

தேன்கனிக்கோட்டை_தம்பி எழுதியது:

அரூர் அக்கா சொன்ன எல்லாம் சரி, களியில் நொய்யரிசி மட்டும் ஒத்துக்கொள்ள முடியாது. எங்கள் பக்கம் கர்நாடகக் காற்று, அரிசி போடாமல் தனி ராகியில்தான் உருண்டை, வழவழவென்று தொண்டையில் இறங்க வேண்டும். அரிசி போட்டால் அது களியும் இல்லை சோறும் இல்லை. சேர்த்து உப்புச்சாறு, கொள்ளோ அவரையோ வேகவைத்த தண்ணீரில் காய்ந்த மிளகாயும் பூண்டும் அரைத்து ஊற்றியது, விருந்தாளிக்குக் கொஞ்சம் காரத்தைக் குறைத்து. அஞ்செட்டி மலைப்பக்கம் யாராவது தெரிந்தவர் இருந்தால் சாமை வாங்கி ஒரு வேளை சாமைச்சோறும் போடுங்கள், ராகி அவர்களுக்குப் பழக்கம், சாமை புதுசு. அது நம் நாட்டுத் தானியம்.

பழைய தகடூர் அண்ணா சொன்னதில் எனக்கு ஒரு கேள்வி. கஷ்டத்தோடு சேர்ந்து வந்தது என்பதற்காகத் தின்றதையே மறைத்துக்கொண்டிருந்தால் அடுத்த தலைமுறைக்கு எதுவும் மிஞ்சாதே? 2023ல் நம் தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷனில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி கொடுக்க ஆரம்பித்தார்கள். எங்கள் சொந்தக்காரர் வீட்டில் அதை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். மாடு நன்றாக இருக்கிறது, வீட்டுக்காரருக்குச் சர்க்கரைக்கு மாத்திரை ஓடுகிறது.

---

பழைய_தகடூர் எழுதியது:

மறைக்கச் சொல்லவில்லை தம்பி. கூழை வெளி வாசலில் கையேந்தி வாங்கிய கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்கிறேன். களியை மட்டும் மேடையில் ஏற்றி, கிண்டினவளையும் கையேந்தினவனையும் கீழே விட்டுவிடுகிறார்களே, அதுதான் எனக்கு எரிச்சல். அந்தக் கலாங்கா நண்பருக்கு இது நம்மை விட நன்றாகப் புரியும்.

---

மத்தூர்_பக்கம் எழுதியது:

நேற்று அம்மாவிடம் பேசினேன். களி போடச் சொல்லவில்லை, கல்யாணமாகி வந்த புதுசில் எவ்வளவு பேருக்குக் கிண்டினாய் என்று மட்டும் கேட்டேன். முக்கால் மணி நேரம் பேசினார். பானையை இரண்டு காலாலும் கவைக்கோல் வைத்து அழுத்திக்கொண்டு கிண்டியது, வயல் ஆட்களுக்குப் போய்ச் சேரும்போது உருண்டை ஆறிப்போனால் மாமியாரிடம் திட்டு வாங்கியது, இதெல்லாம் எனக்கு இதுவரை தெரியாது. கடைசியில் ஒரு உடன்படிக்கை: பொங்கலன்று அவர் இஷ்டம், பிரியாணி உண்டு, அதில் பேச்சே கிடையாது. மாட்டுப்பொங்கலன்று களி, பிதுக்கம் பருப்பு, கீரைக் கடைசல். நொய்யரிசி போடுவாராம், தேன்கனிக்கோட்டை தம்பி மன்னிக்கவும். மஷோன்ஜா பற்றியும் விசாரித்தார், நாங்களும் ஈசல் பிடித்துப் பொரியோடு வறுத்துத் தின்றவர்கள்தானே, அது என்ன பெரிய அதிசயம் என்று.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். வீட்டில் இப்போது ராகி விதைப்பதில்லை, எல்லாம் மாந்தோப்பு ஆகிவிட்டது. பாக்கெட் மாவு வாங்கலாமா?

---

அரூர்க்காரி எழுதியது:

பாக்கெட் மாவு வேண்டாம், எப்போது அரைத்ததோ, களி கசக்கும். தையில் புது ராகி களத்துக்கு வந்திருக்கும், பக்கத்தில் விதைத்தவர்களிடம் தானியமாகவே வாங்குங்கள். காவேரிப்பட்டணம் பக்கம் என்றால் பையூர் ஆராய்ச்சி நிலையத்து ரகம் போட்டவர்களும் இருப்பார்கள். கல், மண் போகக் களைந்து, இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, மில்லில் கொடுக்கும்போது ஒன்று கவனியுங்கள், நமக்கு முன்னால் மிளகாய் அரைத்திருந்தால் காத்திருந்து, நடுவில் இன்னொருவர் அரைத்த பிறகு கொடுங்கள். அரைத்த மாவை ஆறவிடாமல் டப்பாவில் அடைக்கக் கூடாது. நான்கு பேருக்கு இரண்டு வேளைக்கு ஒன்றரைக் கிலோ தாராளம். தேன்கனிக்கோட்டைக்கு ஒரு உருண்டை அரிசி போடாமல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், வந்து சாப்பிட்டுவிட்டுப் பேசட்டும்.