கொழும்பு புறக்கோட்டைக் கடைப் பெண்களிடம் நேர்காணல்: எதிக்ஸ் அனுமதி தேவையா?

வெள்ளவத்தை மாணவி:
சமூகவியல் முதுகலை ஆய்வு. மெயின் வீதிப் புடவைக் கடைகளில் வேலை செய்யும் பெண்களிடம் சம்பளம், வேலை நேரம் பற்றிக் கேட்கப் போகிறேன். இரத்தமா எடுக்கிறேன்? இதற்கும் எதிக்ஸ் கமிட்டியா (ஆய்வில் பங்கெடுப்பவருக்குத் தீங்கு வருமா என்று பார்த்து அனுமதி தரும் குழு)? ஒரு முதலாளி "தாராளமாகக் கேளுங்கோ பிள்ளை" என்றுவிட்டார். பெண்கள்தான் சம்மதத் தாளில் கையொப்பம் என்றதும் பின்வாங்குகிறார்கள்.

பழைய விரிவுரையாளர்:
தேவை, தங்கச்சி. சம்பளத்தைப் பற்றிச் சொன்னது வெளியே தெரிந்தால் வேலையே போகலாம். முதலாளியின் அனுமதி கடைக்குள் நுழைவதற்கு மட்டும். சம்மதம் அந்தப் பெண்ணுடையது. முதலாளி கல்லாவில் இருந்து பார்க்கும்போது யார் "மாட்டேன்" என்பார்? வேலை முடிந்த பிறகு, வெளியே வைத்துப் பேசுங்கள். வாய்மொழிச் சம்மதத்துக்கு விண்ணப்பத்திலேயே காரணம் காட்டிக் கேளுங்கள். கையொப்பத் தாளே ஆளைக் காட்டிக்கொடுக்கலாம். அனுமதி வரும்வரை ஒருவரிடமும் தொடங்க வேண்டாம்.

இந்தக் கெடுபிடி சும்மா வரவில்லை. அமெரிக்காவின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை சிபிலிஸ் நோயிருந்த கறுப்பின ஆண்களுக்கு உண்மையைச் சொல்லாமல், அதைக் குணமாக்கும் பெனிசிலின் வந்த பிறகும் கொடுக்காமல் வைத்துப் பார்த்தார்கள். ஆய்வில் பங்கெடுக்கும் மனிதரைப் பாதுகாக்கும் நெறிகளைச் சொல்லும் பெல்மன்ட் அறிக்கை 1979இல் வந்தது அதற்குப் பிறகுதான்.

கொட்டாஞ்சேனை வாசகர்:
ஆய்வைப் பற்றி அந்தப் பெண்களுக்குக் கொடுக்கும் தகவல் தாளைச் சிங்களத்திலும் அடியுங்கள். ஒலிப்பதிவை வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

வெள்ளவத்தை மாணவி:
சரி. கடையின் பெயரையும் மறைக்க வேண்டுமா?

பழைய விரிவுரையாளர்:
கட்டாயம். மூன்று பெண்கள் மட்டும் வேலை செய்யும் கடை என்றால், அந்த எண்ணிக்கையையும் எழுதாதீர்கள்.