புதுப்பிப்பு: அப்பாவுக்குக் கொங்கு நாவல் - 'நாகம்மாள்' எடுபட்டுச்சுங்க

பேப்பர் தவிர எதையும் தொடாத எங்கப்பாவுக்கு, நம்ம ஊர்ப் பேச்சுலயே இருக்கற நாவல் சொல்லுங்கன்னு முன்னாடி கேட்டிருந்தேன். சொன்ன எல்லாருக்கும் நன்றிங்க.

மொதல்ல பெருமாள்முருகனோட 'கூளமாதாரி' குடுத்தேன். பண்ணயத்துல ஆடு மேய்க்கற பசங்க கதை, எனக்கு உசுரு. அப்பா பாதியில மூடிட்டாரு. "ஆடு மேய்ச்சதை வேற படிக்கோணுமாக்கும்?"

அப்பறம், 'சின்னதாக் குடுங்க, நெலத் தகராறு இருந்தா விட மாட்டாரு'ன்னு ஒருத்தர் சொன்ன ஆர். சண்முகசுந்தரத்தோட 'நாகம்மாள்'. 1942ல வந்தது. புருசனில்லாத நாகம்மாள் கொழுந்தன் சின்னப்பங்கிட்டப் பூமியில பங்கு கேக்கறா, அதான் கதை. பேச்சு அப்படியே நம்முளுது. மளமளன்னு முடிச்சுட்டாரு.

எதிர்பாக்காதது என்னன்னா, அவர் சத்தமாப் படிக்க, அடுப்படியிலிருந்த அம்மாவும் வந்து உக்காந்துட்டாங்க. அப்பா சின்னப்பன் கட்சி. அம்மா, "ஏனுங்க, அவ பங்கை அவ கேட்டா என்னங்க தப்பு?"ன்னு இன்னும் விடறதில்லை. எங்கத்தை பங்கு கேட்ட பழைய கதையெல்லாம் வெளிய வந்துருச்சு, அது இங்க வேண்டாம்.

வயசானவங்களுக்கு வாங்கறவங்க எழுத்து அளவைப் பாத்து வாங்குங்க. முடிவு சோகம், அதையும் மனசுல வெச்சுக்குங்க. அடுத்து, அதே ஆசிரியரோட 'அறுவடை'. இந்தத் தடவை கேட்டது அம்மா.