விளையாட வைத்தால் பிள்ளைகள் காதுகொடுத்துக் கேட்பார்களா?

விசில்அக்கா:
ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள் இருபது பேருக்கு விளையாட்டு வகுப்பு எடுக்கிறேன். 'நான் பேசும்போது கவனிங்க' என்று தினமும் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். இப்போது அந்த வேலையை ஆட்டத்திடம் விட்டுவிட்டேன். பாட்டு ஓடினால் ஓட்டம், நின்றால் சிலை. அப்புறம் பாராசூட் துணி. எல்லோரும் சுற்றிப் பிடித்துக்கொண்டு நடுவில் பந்தைத் துள்ளவிடுவோம். 'மேலே', 'கீழே' என்பதைக் கேட்காமல் ஒருவன் இழுத்தாலும் பந்து உருண்டு விழுந்துவிடும். ஒரே மாதத்தில் வகுப்பே மாறிவிட்டது. மரியாதையாகக் கேட்பதை வாயால் போதிப்பதைவிட உடம்புக்குப் பழக்குவதே மேல் என்கிறேன்.

முசுடு:
வகுப்பு அடங்கியது சரி. ஆனால் நீங்கள் பழக்கியது கீழ்ப்படிதலை. விசில் சத்தத்துக்கு நாயும் நிற்கும். எதிரில் இருப்பவர் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்து, சொன்னதை மனதில் வாங்குவதுதான் மரியாதையாகக் கேட்பது. அது உட்கார்ந்து பேசிப் பேசித்தான் வரும். என் மகன் மைதானத்தில் பயிற்சியாளர் குரல் கேட்டால் கல்லாக நிற்பான். வீட்டில் தங்கை வாயைத் திறந்தால் ஒரு வாக்கியம் முடிக்க விடமாட்டான்.

விசில்அக்கா:
நாயை இழுத்திருக்க வேண்டாம். ஓடத் துடிக்கும் காலை நிறுத்துவதும் குறுக்கே பேசத் துடிக்கும் நாக்கை நிறுத்துவதும் நெருங்கிய சொந்தம். அமெரிக்காவில் ஷானா டொமினி, மேகன் மெக்லெல்லண்ட் இருவரும் மழலையர் வகுப்புப் பிள்ளைகளை 8 வாரம் இப்படிப்பட்ட ஆட்டங்கள் ஆட வைத்துப் பார்த்தார்கள். 2011இல் வெளியான ஆய்வு. தன்னைக் கட்டுப்படுத்தச் சிரமப்பட்ட பிள்ளைகள் முன்னேறியிருந்தார்கள்.

முசுடு:
மீதியையும் சொல்லிவிடுங்கள். எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துப் பார்த்தால் அந்தச் சோதனையில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை; பின்தங்கித் தொடங்கியவர்களிடம் மட்டும்தான். சோதனை என்ன தெரியுமா? 'தலையைத் தொடு' என்றால் கால்விரலைத் தொட வேண்டும். ஆடிய ஆட்டத்தின் ஒன்றுவிட்ட தம்பியையே பரீட்சைக்கு வைத்த மாதிரி. தங்கை பேச்சை மறிப்பதை யார் அளந்தார்கள்?

காதோரம்:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். 'கேட்கவே மாட்டேன் என்கிறது' என்று நாம் திட்டும் பிள்ளைக்கு நிஜமாகவே காது கேட்காமல் இருக்கலாம். நடுச்செவியில் நீர் கோத்துக்கொண்டால் சில வாரங்கள், சிலருக்கு மாதக்கணக்கில், சத்தம் மங்கலாகவே விழும். இந்த வயதில் அது ரொம்ப சகஜம். போதாததற்கு, எதிரொலிக்கும் உள்ளரங்கில் நமக்குப் பிடிபடும் சொல் சின்னவர்களுக்குப் பிடிபடாது. என் மகளைத் 'திமிர் பிடித்தவள்' என்று ஒரு பயிற்சியாளர் ஓரமாக உட்கார வைத்தார். பரிசோதித்தால் இரண்டு காதிலும் நீர். குரலோடு ஒரு கைச்சைகையும் சேர்த்துக் காட்டினால் என்ன குறைந்துவிடும்? 'என் கண்ணைப் பார்த்துக் கேள்' என்ற கட்டாயத்தையும் விடலாம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலர் வேறெங்கோ பார்த்துக்கொண்டுதான் நன்றாகக் கேட்பார்கள்.

விசில்அக்கா:
ஓரமாக உட்கார வைப்பதை நானும் செய்திருக்கிறேன். 'சைமன் சொல்கிறார்' என்று ஓர் ஆட்டம். அந்தச் சொற்களோடு வரும் கட்டளையை மட்டும்தான் செய்ய வேண்டும், தவறினால் அவுட். முதலில் அவுட் ஆகிறவன்தான் அதிகம் பழக வேண்டியவன், அவன் வேடிக்கை பார்க்கிறான். ஏற்கெனவே நன்றாகக் கேட்பவள் கடைசிவரை ஆடுகிறாள். இத்தனை நாள் இது உறைக்கவில்லை. இனி அவுட் கிடையாது, தவறினால் பக்கத்துக் குழுவுக்கு மாறி ஆட வேண்டியதுதான். சைகையும் சேர்த்துக்கொள்கிறேன்.

முசுடு சொன்னதும் உறுத்தியது. அதனால் இந்த வாரம் விசிலைப் பையில் போட்டுவிட்டேன். தரையில் வளையங்கள், நடுவில் கண் கட்டிய ஒருவன், வழி சொல்வது அவன் குழு. முதல் நாள் நான்கு பேர் ஒரே நேரத்தில் 'இந்தப் பக்கம், இந்தப் பக்கம்' என்று கத்தினார்கள். கண் கட்டியவனுக்கு எந்தப் பக்கம் என்று தெரியும்? அழுதேவிட்டான். மறுநாள் அவர்களே, ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசணும் என்று பேசி வைத்துக்கொண்டார்கள். குரலே எழும்பாத ஒரு பெண்ணின் முறை வந்தது. அத்தனை பேரும் கப்சிப்.

முசுடு:
இது வேறு சங்கதி. இதில் ஒரு பிள்ளையின் சொல் இன்னொரு பிள்ளைக்குத் தேவைப்படுகிறது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கண்கட்டை அவிழ்த்த பிறகு? தேவை இல்லாதபோதும் கேட்கிறானா?

விசில்அக்கா:
அதற்காகத்தான் முடிந்ததும் ஐந்து நிமிடம் வட்டமாக உட்கார்கிறோம். பந்து யார் கையிலோ அவர் மட்டும் பேசலாம். 'யார் சொன்னது உனக்குப் புரிந்தது, ஏன்?' இவ்வளவுதான் கேள்வி.

முசுடு:
ஆக, உட்கார்ந்து பேசுகிறீர்கள். அதைத்தானே முதலிலேயே சொன்னேன்.

விசில்அக்கா:
ஆமாம், ஓடி வியர்த்த பிறகு. ஓடுவதற்கு முன்னால் இருபது பேரை வட்டமாக உட்கார வைத்துவிட்டு வந்து சொல்லுங்கள்.