பியாவோவியெஜா காட்டுக்கு இரண்டு நாள் போதுமா?

மழைப்பயணி:
அக்டோபர் கடைசியில் வேலையாக வார்சா வருகிறேன். இரண்டு நாள் கையில் இருக்கிறது. போலந்தின் கிழக்கு எல்லையில் இருக்கும் பியாவோவியெஜா கிராமத்துக்குப் போய், அந்தப் பழங்காட்டையும் பைசன் என்ற பெரிய காட்டு மாட்டையும் பார்த்துவிட ஆசை. கார் ஓட்டத் தெரியாது. வழிகாட்டி இல்லாமல் சமாளிக்கலாமா?

காட்டுவழி:
தாராளமாகப் போய் வாருங்கள். பியாவிஸ்டோக் வரை ரயில், அப்புறம் பேருந்தில் ஹைநூஃப்கா. அங்கிருந்து கிராமம் சுமார் 20 கிலோமீட்டர். திரும்பும் பேருந்து நேரத்தை முதலிலேயே பார்த்து வையுங்கள்.

வழிகாட்டிக்கு ஆகும் செலவை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். தேசியப் பூங்காவில் மிகக் கண்டிப்பாகக் காக்கும் பகுதிக்குள் உரிமம் பெற்ற வழிகாட்டியோடுதான் விடுவார்கள். முதல் தடவை நான் அதை விட்டுவிட்டு, கிராமத்தைச் சுற்றியே நடந்துவிட்டுத் திரும்பினேன். இன்றும் அது மனசை உறுத்துகிறது.

அடுத்த தடவை உள்ளே போனேன். பாதையோரம் ஓக் மரம் ஒன்று சாய்ந்து கிடந்தது. கிடந்த நிலையிலேயே என் இடுப்பு உயரம். பாசி போர்த்திய மரத்தின் ஓரத்தை விரலால் அழுத்தினேன். நனைந்த பஞ்சு மாதிரி உள்ளே போனது. வண்டு குடைந்த துளைகள், தட்டுத் தட்டாகக் காளான், அதன் முதுகிலேயே வேர்விட்டு நிற்கும் விரல் நீள ஸ்ப்ரூஸ் (ஊசியிலை மரம்) கன்றுகள். அங்கே விழுந்த மரத்தை யாரும் அப்புறப்படுத்துவதில்லை. அரை மணி நேரம் அந்த ஒரு மரத்தை விட்டு நகர மனம் வரவில்லை.

இலைச்சருகு:
உண்ணி ஜாக்கிரதை. அக்டோபரிலும் இருக்கும். பேன்ட்டைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள், இரவில் முழங்கால் மடிப்பைக்கூட விடாமல் பாருங்கள். பெலாரஸ் எல்லைப் பக்கம் தடைப் பலகை கண்டால் அதைத் தாண்டவே வேண்டாம்.

மழைப்பயணி:
நன்றி. பைசன் கண்ணில் படுமா?

காட்டுவழி:
உறுதி சொல்ல முடியாது. விடியும் நேரத்தில் காட்டை ஒட்டிய புல்வெளிகளைப் பாருங்கள். குளிர்காலத்தில் வைக்கோல் போடும் இடங்களுக்குக் கூட்டமாக வரும்; அக்டோபரில் அதை நம்ப முடியாது. நான் பார்த்தது ஒன்றே ஒன்று. பனிமூட்டத்தில் முதலில் மூச்சின் ஆவிதான் தெரிந்தது, அப்புறம் திமில். 1919-இல் அந்தக் காட்டின் கடைசி பைசனையும் சுட்டுத் தீர்த்துவிட்டார்கள். 1929-இல் வெளியிலிருந்து கொண்டுவந்து அடைப்பில் வளர்த்து, 1952-இல்தான் மறுபடியும் காட்டில் விட்டார்கள். அதை நினைத்துக்கொண்டே நின்றதில் கேமராவை எடுக்கவே தோன்றவில்லை.

கண்டால் கிட்டப் போகாதீர்கள். வழிகாட்டியிடம் இப்போதே பேசி நாள் குறித்துவிடுங்கள்.